சொந்தப் பதிப்பு நூல்களின் பட்டியல்: யாருக்கு இடம், யார் சொல்வது?

கேள்வி:

வணக்கம் ஐயா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதிப்பகத்தின் துணை இல்லாமல் எழுத்தாளர்களே கிண்டிலிலும் அச்சிலும் கொண்டுவரும் தமிழ்ப் புத்தகங்களுக்காக நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பட்டியல் தொடங்கினோம். கூகுள் ஷீட்டில் யார் வேண்டுமானாலும் நூலைச் சேர்க்கலாம். வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்திலும் அதே பெயரில் ஒரு பட்டியல்; அங்கே வாக்குப் போடலாம். ‘தவறவிடக் கூடாத சொந்தப் பதிப்புகள்’ என்று பெயர் வைத்தோம்.

இப்போது தினம் ஒரு சண்டை. ஒரு நூலில் பதிப்பகப் பெயர் இருந்ததால் எடுத்துவிட்டோம். ‘முழுப் பணமும் நான்தான் போட்டேன், நான் சொந்தப் பதிப்பு இல்லையா?’ என்று அதன் ஆசிரியர் கேட்கிறார். ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் வாக்குப் போட்டு முதல் பத்து இடங்களைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் நால்வரில் ஒருவர், பட்டியலில் உள்ள ஒரு நாவலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு எடிட்டிங் செய்தவர் என்று தெரியவந்தது. இன்னொரு நூலுக்கு எதிரே நான் எழுதிய குறிப்பு, ‘ஒற்றுப்பிழை மலிந்த நூல், எழுத்தாளருக்குத் தமிழே தெரியவில்லை’. அதற்கு மானநஷ்ட நோட்டீஸ் அனுப்புவேன் என்கிறார் அவர். கடைசியாக ஒரு வாசகர், ஒரு நாவல் பழைய வார இதழ்த் தொடர்கதையின் நகல், அதற்கு ‘திருட்டு’ என்று சிவப்பில் குறியிட வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கிறார். பேசாமல் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அழிக்க வேண்டாம். பதிப்பகம் வழியாக வரும் நூலுக்குக் கடை உண்டு, புத்தகக் காட்சி அரங்கு உண்டு, நூலக ஆணை உண்டு, இதழ்களில் மதிப்புரை உண்டு. தானே வெளியிட்டவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கிண்டிலில் மட்டும் வரும் நாவலை எந்தக் கடைக்காரரும் வாசகர் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் அது கண்ணில் படும். அதனால்தான் உங்கள் பட்டியலில் ஓர் இடத்துக்கு இவ்வளவு அடிதடி. சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் வாசிக்கப்பட்ட பக்கத்தைக் கணக்கிட்டுத்தான் எழுத்தாளருக்குப் பணம் வருகிறது. 2015 ஜூலையிலிருந்து அப்படி. முதல் பத்தில் இடம் கிடைத்தால் பக்கங்கள் கூடும், பணம் கூடும். சண்டை போடுகிறவர்களை வெறும் புகழாசை பிடித்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் ஐந்து தகராறுகளில் மூன்று ஒரே காரணத்தால் வருபவை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது என் மேஜையில் ஒரு தடித்த பதிவேடு இருக்கும். அக்ஸஷன் ரெஜிஸ்டர் என்போம். காசு கொடுத்து வாங்கியதோ அன்பளிப்பாக வந்ததோ, உள்ளே வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதில் ஒரு வரி, ஓர் எண். நல்ல புத்தகமா, சுமாரா என்று அந்தப் பதிவேட்டில் யாரும் கேட்பதில்லை. வாசலுக்கு நேர் எதிரே ஒரு சின்ன மேஜை. அதில் சில புத்தகங்களை அட்டை தெரிய நிமிர்த்தி வைத்திருப்போம். அவை நாங்கள் படித்து, மாணவர்கள் படிக்க வேண்டும் என்று விரும்பியவை. உள்ளூர் எழுத்தாளர்கள் வருவார்கள். ‘என் புத்தகம் பதிவேட்டில் இருக்கிறதா?’ என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவது என் கடமை. ‘அந்த மேஜையில் வையுங்கள்’ என்றால், ‘படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்பதுதான் பதில். பதிவேட்டில் இடம் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. மேஜையில் இடம் கேட்க இல்லை.

நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றபோது அது பதிவேடு. ‘தவறவிடக் கூடாத’ என்று பெயர் வைத்தபோது அது பரிந்துரை. பதிவேடு என்று நம்பி வந்த எழுத்தாளர், தன் நூலை எடுத்ததும் உரிமை பறிபோனதாக நினைக்கிறார். பரிந்துரை என்று நம்பி வந்த வாசகர், பாதி நூல்களை யாருமே படித்துப் பார்க்கவில்லை என்று கண்டதும் ஏமாந்ததாக நினைக்கிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள்தாம் இன்றும் உலகமெங்கும் நூலகர்களுக்குப் பாடம். அவற்றில் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அடுத்தடுத்து வருவதால் ஒன்றையே திருப்பிச் சொல்வதுபோலத் தெரியும். ஆனால் வேலை வேறு. மூன்றாவது விதி நூலின் பக்கம் நிற்கிறது: எந்த நூலும் கவனிப்பாரற்றுக் கிடக்கக் கூடாது. பதிவேடு அந்த வேலையைச் செய்கிறது. இரண்டாவது விதி வாசகரின் பக்கம் நிற்கிறது: இவர் நேரத்தையும் காசையும் வீணாக்காமல் இவருக்கேற்ற ஒன்றை எடுத்துக் கொடு. அதற்குத்தான் பரிந்துரை. ஒரே ஷீட்டில் இரண்டையும் செய்யப் பார்த்தால் இரண்டுமே கெடும்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். முதலாவதன் பெயர் ‘சொந்தப் பதிப்புத் தமிழ் நூல்கள்: பதிவேடு’ என்பதுபோல் உப்புச்சப்பில்லாமல் இருக்கட்டும். தகுதி இருக்கிற எந்த நூலும் அதில் வரும். தலைப்பு, ஆசிரியர், வகை, ஆண்டு, எங்கே கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் கருத்து ஒரு சொல்கூட அதில் வேண்டாம். இரண்டாவது, நீங்கள் நால்வரும் படித்துக் கையெழுத்துப் போடும் பரிந்துரை. அதில் இடம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதை மேலேயே எழுதி வையுங்கள்.

கையெழுத்து என்று ஏன் சொல்கிறேன்? தமிழில் பட்டியல் என்றாலே விமர்சகர் க.நா.சு. ஞாபகம் வரும். நல்ல நாவல்கள், நல்ல சிறுகதைக்காரர்கள் என்று அவர் ஆயுள் முழுக்கப் பட்டியல் போட்டார். அதற்காக வாங்கிய வசையும் அதிகம். காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் அடுக்குகிறார், தன் ரசனையையே அளவுகோலாக்குகிறார் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனாலும் அவர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு படித்து முன்னேறிய தலைமுறைகள் இருக்கின்றன. அது யாருடைய ரசனை என்று எல்லோருக்கும் தெரியும். ஒத்துப்போகிறவர் எடுத்துக்கொண்டார், ஒவ்வாதவர் ஒதுக்கினார். உங்கள் பட்டியலில் யாருடைய ரசனையும் தெரியவில்லை, எல்லோருடைய வாக்கும் தெரிகிறது. திட்டுகிறவருக்குக்கூட யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அதனால் நால்வரையும் திட்டுகிறார்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதிப்பகப் பெயர் இருந்ததால் எடுத்த நூல். இந்த விஷயத்தில் எழுத்தாளர் பக்கம்தான் நான். தமிழில் பதிப்பகப் பெயரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. பாதிச் செலவை எழுத்தாளர் ஏற்பது, முழுச் செலவையும் ஏற்பது, குறிப்பிட்ட பிரதிகளைத் தானே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்வது என்று எல்லா விதமும் இங்கே நடக்கிறது. மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ ஒரு பதிப்பகம் வைத்துத் தன் நூல்களை மட்டும் போடுகிறவர்கள் ஏராளம். ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் இருந்தால் பதிப்பக நூல் என்று நினைப்பதும் தவறு. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதைத் தனிநபர் எழுத்தாளருக்கும் இலவசமாகவே தருகிறது. கிண்டில் மின்னூலுக்கோ அந்த எண்ணே தேவையில்லை. அமேசான் தன் அடையாள எண் ஒன்றைத் தானே கொடுத்துவிடும்.

அச்சு நூலாக இருந்தால் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் நூல்களில் அங்கே ஒரு கட்டம் இருக்கும்: நூல் தலைப்பு, ஆசிரியர், முதற்பதிப்பு, உரிமை, தாளின் தன்மை, நூலின் அளவு, எழுத்தின் அளவு, பக்கங்கள், விலை, அச்சிட்டோர், வெளியிட்டோர். மேப்லித்தோ தாள், டெம்மி அளவு என்றெல்லாம் போட்டிருக்குமே, அந்தக் கட்டம்தான். எல்லோரும் ‘வெளியிட்டோர்’ வரியைப் பார்க்கிறார்கள். நீங்கள் ‘உரிமை’ வரியைப் பாருங்கள். ‘ஆசிரியருக்கு’ என்று இருந்தால் அடுத்து ஒரே ஒரு கேள்வி: அச்சுச் செலவில் பெரும்பகுதி யாருடையது? இதை அவரிடம் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். ரசீது கேட்காதீர்கள். தன் காசில் போட்டதை ஒப்புக்கொள்ளவே பலருக்கு இங்கே கூச்சம். ஒருவர் முன்வந்து ‘பணம் நான் போட்டேன்’ என்கிறார் என்றால் அது சும்மா சொல்கிற பேச்சல்ல. பதிவேட்டில் அவரைத் திரும்பச் சேருங்கள். இனி விதி, செலவும் உரிமையும் எழுத்தாளருடையதா என்பது மட்டும்.

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்னால் இல்லாத விதியை வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் எடுத்திருக்கிறீர்கள். 2013 செப்டம்பரில் குட்ரீட்ஸ் நிறுவனமே இப்படிச் செய்து மாட்டிக்கொண்டது. நூலைப் பற்றி அல்லாமல் எழுத்தாளரின் நடத்தையைப் பற்றியே பேசும் விமர்சனங்களையும், வாசகர்கள் நூல்களை வகைபிரித்து வைக்கும் ‘அலமாரி’களையும் நீக்குவோம் என்று அறிவித்து, அறிவிப்போடு சேர்த்தே நீக்கவும் செய்தது. விதி சரியா தப்பா என்பதைவிட, முன்னறிவிப்பில்லாமல் நீக்கினார்கள் என்பதுதான் வாசகர்களை அதிகம் கொதிக்க வைத்தது. அதற்காக நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. நீங்களும் அந்த எழுத்தாளரிடம் இந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஒரு வரி போதும்.

அடுத்து, வாக்கு. என் யோசனை கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். வாக்கைச் சீர்திருத்தப் பார்க்காதீர்கள், எடுத்தே விடுங்கள். குட்ரீட்ஸ் பட்டியலில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், தங்கள் வரிசையில் எத்தனையாவது இடத்தில் வைத்தார்கள் என்பதைக் கொண்டு மேலே கீழே அடுக்கப்படுகிறது. பல ஆயிரம் பேர் வாக்களிக்கும் பட்டியலில் ஒரு குழுவின் வாக்கு கரைந்துபோகும். நம் பட்டியல்களில் ஒரு நூலுக்கு வருவதே ஏழெட்டு வாக்கு. இருபது பேர் உள்ள வாட்ஸ்அப் குழு நினைத்தால் ஒரே மாலையில் முதல் பத்தும் அவர்களுடையது. ‘நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்’ என்பவர்களைக் கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்தாலும் அவர்கள் உண்மையிலேயே ஒருவரை ஒருவர் படித்திருக்கலாம். போலிக் கணக்கு வேட்டையில் இறங்கினால் உங்கள் வாசிப்பு நேரம் முழுவதையும் அது தின்றுவிடும்.

இந்த நோய் பெரிய இடங்களிலும் உண்டு. 2023 டிசம்பரில் அமெரிக்காவில், முதல் நாவல் வெளிவரவிருந்த ஓர் எழுத்தாளர் குட்ரீட்ஸில் போலிக் கணக்குகள் தொடங்கித் தன் நூலைத் தூக்கிப் பிடித்தும் தன்னைப் போன்ற புது எழுத்தாளர்களின் நூல்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டும் வந்தது அம்பலமானது. பதிப்பகம் அந்த நாவலையே கைவிட்டது. இலக்கிய முகவரும் விலகினார். அங்கே பெரிய நிறுவனமும் விழிப்பான வாசகர் கூட்டமும் இருந்தும், சக எழுத்தாளர்களே தோண்டி எடுத்த பிறகுதான் வெளியே வந்தது. நான்கு பேர் கொண்ட நீங்கள் இதற்குக் காவல் இருக்க முடியாது.

எனவே பதிவேட்டுக்கு அகரவரிசை. பரிந்துரைக்கு, நீங்கள் படித்த தேதி வரிசை. முதலிடம் என்று ஒன்று இல்லாவிட்டால் பிடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. குட்ரீட்ஸில் இருக்கும் பட்டியலை அப்படியே விட்டுவிட்டு, ‘இது வாசகர் வாக்கு, எங்கள் பரிந்துரை அல்ல’ என்று அதன் விளக்கத்தில் எழுதி, உங்கள் பெயரை அதிலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் குறைவு, நூல்கள் ஏராளம், எப்படிப் படித்து முடிப்பது என்று கேட்பீர்கள். மார்க் லாரன்ஸ் என்ற ஆங்கிலக் கற்பனைப் புனைவு எழுத்தாளர் 2015இல் தொடங்கிய போட்டி ஒன்று இதற்கு நல்ல முன்மாதிரி. எழுத்தாளரே வெளியிட்ட மாயப் புனைவு நாவல்கள் ஆண்டுக்கு 300 வரை எடுத்துக்கொள்வார்கள். பத்து விமர்சனக் குழுக்கள். குழுவுக்கு 30 நாவல். 30இல் ஒன்றை மட்டும் ஒவ்வொரு குழுவும் தேர்ந்து அனுப்பும். அந்தப் பத்தையும் பத்துக் குழுக்களும் படித்து மதிப்பெண் போடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் சுற்றில் எல்லா நாவலையும் கடைசிப் பக்கம் வரை படிப்போம் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம். ஆனால் எந்த நூல் எந்தக் குழுவின் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தோற்ற எழுத்தாளருக்குத் தன்னை யார் ஒதுக்கினார் என்று தெரிகிறது, அந்தக் குழுவின் ரசனையும் தெரிகிறது. உங்களுக்கு மதிப்பெண் எல்லாம் வேண்டாம். பதிவேட்டில் புதிதாக வருவதை நால்வரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் மூன்று நூல், முதல் ஐம்பது பக்கம். இழுத்தால் முழுக்கப் படியுங்கள். பிடித்தால் பெயர் போட்டுப் பரிந்துரையுங்கள். பிடிக்காவிட்டால் பேசாமல் பதிவேட்டில் விட்டுவிடுங்கள்.

எடிட்டிங் செய்த நண்பரை விலக்க வேண்டாம். தமிழில் பிழை பார்க்கவும் செம்மை செய்யவும் தெரிந்தவர்களே குறைவு. அவர்களிடம்தான் எல்லோரும் போகிறார்கள். அப்படிப்பட்டவர் உங்கள் குழுவில் இருப்பது பலம். அவர் தொட்ட நூலை அவர் பரிந்துரைக்கக் கூடாது. மற்ற மூவரில் ஒருவர் படித்து விரும்பினால் பரிந்துரைக்கலாம். குறிப்பின் கீழே ‘இந்நூலின் செம்மையாக்கம் எங்கள் குழுவைச் சேர்ந்தவர்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். எழுத்தாளர் இலவசமாக அனுப்பிய பிரதி, உறவினர் நூல், வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் அமேசான் இணைப்பு, எல்லாவற்றுக்கும் இதே வரி. ஆதாயம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளும் கேட்கின்றன. உங்களைப் போன்ற சின்னக் குழுவின் கதவை ஆணையம் வந்து தட்டப் போவதில்லை. ஆனால் வாசகர் தானாகக் கண்டுபிடித்தால் மொத்தப் பட்டியலையும் சந்தேகப்படுவார். நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது உங்கள் குறிப்புக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் நூலகத்தில் இருப்பவனுக்கு இந்தச் சட்டப் பகுதி பரிச்சயம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499ஆம் பிரிவாக இருந்த அவதூறு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். அதற்குப் பல விதிவிலக்குகள் உண்டு. ஆறாவது விதிவிலக்கு நம்மைப் போன்றவர்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும்: பொதுமக்களின் தீர்ப்புக்கு ஒருவர் முன்வைத்த படைப்பின் தகுதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொன்னால் அவதூறு ஆகாது. நூலை வெளியிடுகிறவர் அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைக்கிறார் என்று சட்டமே எடுத்துக்காட்டும் தருகிறது. இன்னொரு எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. ஒருவருடைய புத்தகம் மடத்தனமானது, ஆகவே அவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்கு உண்டு. புத்தகத்தில் தெரிவதை வைத்துத்தான் ஆளைப் பற்றிச் சொன்னார். அவர் பலவீனமானவர், ஒழுக்கங்கெட்டவர், அதனால் புத்தகம் இப்படி இருப்பதில் வியப்பில்லை என்றால் விதிவிலக்கு இல்லை. அங்கே பேச்சு புத்தகத்தை விட்டு ஆள் மேல் போய்விட்டது.

‘ஒற்றுப்பிழை மலிந்த நூல்’ என்பது நூலைப் பற்றியது. அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ‘எழுத்தாளருக்குத் தமிழே தெரியவில்லை’ என்பது ஆளைப் பற்றியது. நூலை வைத்துத்தான் சொன்னேன் என்று ஒரு வழக்கறிஞர் உங்களுக்காக வாதாடலாம், வெல்லவும் செய்யலாம். ஆனால் அந்த இரண்டாம் பாதியால் வாசகருக்கு என்ன பயன்? முதல் பாதியிலேயே அவருக்கு வேண்டிய செய்தி முடிந்துவிட்டது. இரண்டாம் பாதியை எடுத்துவிடுங்கள். பயந்துகொண்டு எடுப்பதாக நினைக்க வேண்டாம். சட்டமே இல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கக் கூடாது.

முதல் பாதியிலும் ஒரு சிக்கல். மின்னூலை எழுத்தாளர் எந்த நேரமும் திருத்தித் திரும்ப ஏற்றலாம். நீங்கள் படித்த கோப்பும் இன்று விற்பனையில் இருக்கும் கோப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவர் மெய்ப்புப் பார்த்துப் புதிய கோப்பு ஏற்றியிருந்தால், உங்கள் குறிப்பு இன்று பொய். அவர் கோபத்துக்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். திருத்தியிருந்தால் மாதிரிப் பக்கங்களை மீண்டும் பாருங்கள். பதிவிறக்கிக் காசில்லாமலே பார்க்கலாம். இனிமேல் எந்தக் குறிப்பிலும் படித்த மாதமும் வருடமும் இருக்கட்டும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், இப்படி எழுதிப் பாருங்கள்: “சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் ஒரு சிறுமியின் இரண்டு வருடங்கள். முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும். பேச்சு முழுவதும் வட்டார வழக்கு. பழகாதவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும். மெய்ப்பு இன்னும் ஒரு தடவை பார்த்திருக்கலாம். கி.ரா.வைப் படித்து ரசித்தவர்களுக்கு.” இதில் குறையும் இருக்கிறது, எழுத்தாளர் சண்டைக்கு வர மாட்டார். யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம் என்பதும் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

‘திருட்டு’ என்று சிவப்பில் குறிக்கவே கூடாது. அது நூலின் தகுதி பற்றிய கருத்து அல்ல. ஓர் ஆள் குற்றம் செய்தார் என்ற கூற்று. உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். புகார் சொன்ன வாசகரிடம் தொடரின் பெயர், இதழ், வருடம், பக்கம் கேளுங்கள். இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பத்துப் பத்தியாவது ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கதைக் கரு ஒன்றுபோல இருப்பது திருட்டே அல்ல. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. பழைய தொடர்கதைகளில் பாதி, இன்னொரு பழைய தொடர்கதையின் சாயலில்தான் இருக்கும். வரிக்கு வரி ஒத்துப்போனால், அதைச் சொல்ல வேண்டிய இடம் அமேசானின் பதிப்புரிமைப் புகார்ப் பிரிவு. சொல்ல வேண்டியவர் மூல ஆசிரியரோ அவர் வாரிசோ. அவர்களுக்குத் தகவல் கொடுங்கள், அதோடு உங்கள் வேலை முடிந்தது. அதுவரை அந்த நூல் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும், பரிந்துரையில் வேண்டாம். பரிந்துரைக்காததற்குக் காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. இது செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று வரும் புகாருக்கும் இதேதான். அமேசான் 2023 செப்டம்பரிலிருந்து எழுத்தாளரிடம் அந்தத் தகவலைக் கேட்கிறது, வாசகருக்குக் காட்டுவதில்லை. ஊகத்தில் யாரையும் குற்றவாளியாக்காதீர்கள். நூல் உயிரில்லாமல் இருந்தால் நீங்கள் எப்படியும் அதைப் பரிந்துரைக்கப் போவதில்லை.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். பதினைந்து நாள் முன்னதாக இதுபோல் ஒன்றைப் பட்டியலின் தலையில் போடுங்கள்:

“இந்தப் பட்டியல் இரண்டாகப் பிரிகிறது. செலவும் உரிமையும் எழுத்தாளருடையதாக உள்ள எந்தத் தமிழ் நூலும் பதிவேட்டில் இடம்பெறும். பரிந்துரை எங்கள் நால்வரின் சொந்த வாசிப்பு. ஒவ்வொரு நூலுக்கும் பரிந்துரைத்தவர் பெயரும் படித்த மாதமும் இருக்கும். வாக்கு, தரவரிசை இரண்டும் இனி இல்லை. முன்பு எடுக்கப்பட்ட நூல்கள் இந்த விதிப்படி மீண்டும் பார்க்கப்படும். பதிவேட்டில் தகவல் பிழை இருந்தால் எழுதுங்கள், திருத்துகிறோம். பரிந்துரை பற்றிய வேண்டுகோள்களுக்குப் பதில் எழுத இயலாது.”

கடைசி வரிக்குத் திட்டு விழும். இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு வந்து இதைச் செய்கிறவர்கள்.

நோட்டீஸ் அனுப்புவேன் என்றவருக்கு இன்றே தனியாக எழுதுங்கள்: “உங்களைப் பற்றி எழுதியிருந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன், அதை எழுதியிருக்கக் கூடாது. பிழைகள் பற்றிய குறிப்பு நான் படித்த பிரதியைப் பற்றியது. திருத்திய பிரதி இருந்தால் சொல்லுங்கள், மீண்டும் பார்த்துக் குறிப்பை மாற்றுகிறேன்.” இதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். பொதுவில் அவரோடு விவாதிக்க வேண்டாம், நண்பர்களையும் இறங்க விடாதீர்கள். பெரும்பாலும் இத்தோடு ஓய்ந்துவிடும்.

ஓயாமல், வழக்கறிஞர் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் நோட்டீஸே வந்துவிட்டால் நீங்களாகப் பதில் எழுதாதீர்கள். ஷீட்டின் பழைய வடிவங்களை அழிக்கவும் வேண்டாம். எப்போது என்ன எழுதினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்பது கூகுள் ஷீட்டின் திருத்த வரலாற்றில் தேதியோடு இருக்கிறது. அந்தப் பக்கங்களையும், நீங்கள் படித்த பிரதியில் பிழைகள் உள்ள பக்கங்களின் படங்களையும், மேலே சொன்ன கடிதத்தின் நகலையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் ஆலோசனை கேட்கலாம். பெண் என்ற முறையில் உங்களுக்கு அங்கே இலவச உதவிக்குத் தகுதி உண்டு. வருமான வரம்பு அதற்குத் தடையில்லை.